தோல் முந்தும் நரம்பு நோய்கள்: அரிய மரபுவழித் தோற்கோளாறுகள் சிலவற்றை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தோலிலும் நரம்பு மண்டலத்திலும் ஒருசேர வெளிப்படும் மரபுவழி நோய்கள் பல உள்ளன. அவ்விரண்டும் கருவில் ஒரே படையிலிருந்து தோன்றுவதே இதற்குக் காரணம் எனப் பாடநூல்கள் கூறுகின்றன. இவ்விளக்கம் தவறானதன்று, ஆயினும் போதுமானதன்று. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ், சீரோடெர்மா பிக்மென்டோசம் ஆகிய இரு நோய்கள் இங்கு விரிவாகவும், வேறு சில நோய்கள் சுருக்கமாகவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தோலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பு நோய்க்கு நோய் வேறுபடும் உயிர்வேதியியல் வழிகளால் அமைகிறது என்பதையும், தோற்குறி எப்போது தோன்றுகிறது என்பது மருத்துவம் செய்யத்தக்க காலத்தைப் பெரிதும் வரையறுக்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மரபுவழித் தோல் நோய்கள், நரம்புச் சிதைவு, புறப்படை, டி.என்.ஏ. பழுதுநீக்கம், வலிப்பு நோய், நொதிக் குறைபாடு

ஒரே படை என்னும் விளக்கம்

கருவளர்ச்சியின் மூன்றாம் வாரத்தில் மனிதக் கரு மூன்று படைகளாகப் பிரிகிறது. அவற்றுள் வெளியில் அமைவது புறப்படை. அதன் நடுப்பகுதி தடித்து, மடிந்து, குழலாகி, மூளையாகவும் தண்டுவடமாகவும் வளர்கிறது. எஞ்சிய பகுதி மேற்தோலாகிறது. குழல் மூடும் விளிம்பிலிருந்து பிரிந்து செல்லும் உயிரணுக் கூட்டத்துக்கு நரம்பு முகடு என்று பெயர். புறநரம்புகளின் பல பகுதிகளும், தோலுக்கு நிறம் தரும் நிறமி உயிரணுக்களும் இதிலிருந்தே தோன்றுகின்றன. ஆகவே, தோலின் நிறக்குறை ஒன்றும் மூளையின் கோளாறு ஒன்றும் ஒரே குழந்தையிடம் காணப்படும்போது, இரண்டும் ஒரே தாயகத்திலிருந்து வந்தவை என்று கொள்வது இயல்பே. டச்சுக் கண் மருத்துவர் யான் வான் டெர் ஹூவ 1920களில் இத்தகைய நோய்கள் சிலவற்றை ஒரே குடும்பமாகத் தொகுத்து 'ஃபகோமடோசிஸ்' என்று பெயரிட்டார். பிறவிக்குறி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். அந்தக் குடும்பம் இன்றும் பாடநூல்களில் நீடிக்கிறது.

இத்தொகுப்பு வகைப்படுத்த உதவுகிறதேயன்றி விளக்க உதவுவதில்லை. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் நோயில் மூளையும் தோலும் மட்டுமின்றி இதயம், சிறுநீரகம், நுரையீரல் ஆகியனவும் தாக்கப்படுகின்றன. இவை புறப்படையிலிருந்து தோன்றியவை அல்ல. சீரோடெர்மா பிக்மென்டோசம் நோயில் பழுதாகும் புரதம் உடலின் எல்லா உயிரணுக்களிலும் இருக்க வேண்டிய ஒன்று. அவ்வாறிருக்க, நோய் ஏன் தோலையும் நரம்பையும் தேர்ந்துகொள்கிறது என்ற வினாவுக்குக் கருவியலில் மட்டும் விடை காண இயலாது.

தோலையும் நரம்பையும் இணைத்து நம் நாட்டில் பெரிதும் அறியப்பட்ட நோய் தொழுநோய். அது நுண்ணுயிரால் வரும் தொற்று, மரபுநோய் அன்று. எனினும், வெளிறிய தோற்புள்ளி ஒன்றைக் கண்டவுடன் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை அந்நோயே மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மரபுநோய்களைப் பொறுத்தவரை அதற்கு நிகரான ஒரு பழக்கம் இன்னும் பரவலாக உருவாகவில்லை.

வெண்புள்ளியும் வலிப்பும்

பாரிசின் சால்பெத்ரியே மருத்துவமனையில் வலிப்பும் அறிவுவளர்ச்சிக் குறைவும் கொண்டிருந்து இறந்த 15 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூளையை ஆராய்ந்த தெசிரே மக்லுவார் பூர்ன்வில், 1880ஆம் ஆண்டில் அதன் மடிப்புகளில் கிழங்குபோன்று இறுகிய முடிச்சுகளைக் கண்டு விவரித்தார். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் பெயர் அம்முடிச்சுகளிலிருந்து வந்ததே. அச்சிறுமியின் முகத்தில் தடிப்புகள் இருந்ததையும் அவர் குறித்திருந்தார். ஆனால் அவற்றை மூளையோடு தொடர்புபடுத்தவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1890இல், லண்டன் தோல் மருத்துவர் ஜான் ஜேம்ஸ் பிரிங்கிள் அதே வகை முகத்தடிப்புகளை விவரித்தார். அவை எண்ணெய்ச் சுரப்பிகளின் கட்டிகள் எனக் கருதப்பட்டு அவ்வாறே பெயரும் பெற்றன. உண்மையில் அவை குருதிக்குழல்களும் நார்த்திசுவும் பெருகியதால் உண்டானவை. தவறான அப்பெயர் நெடுங்காலம் வழங்கியது. முகத்தடிப்பு, வலிப்பு, அறிவுவளர்ச்சிக் குறைவு என்னும் மூன்றையும் 1908இல் ஹைன்ரிக் ஃபோக்ட் ஒரே நோயின் அடையாளங்களாக இணைத்தார்.

இம்முக்குறி இணைப்பு நோயறிதலுக்கு வழிகாட்டியதைப்போலவே தடையாகவும் அமைந்தது. மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றி நோயை அறிவிக்கத் தயங்கும் போக்கு ஏறத்தாழ எழுபதாண்டுகள் நீடித்தது. மனுவேல் கோமெஸ் 1979இல் வெளியிட்ட நூலுக்குப் பின்னரே இம்மூன்றும் சேர்ந்து காணப்படுவோர் நோயாளிகளில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு என்பது தெளிவாயிற்று. மேலும், முகத்தடிப்பு பெரும்பாலும் இரண்டு வயதுக்குப் பிறகே தோன்றத் தொடங்குகிறது. வலிப்போ முதலாண்டிலேயே வந்துவிடுகிறது. எனவே முகத்தடிப்பைக் காத்திருந்து நோயை அறிவது, வலிப்பு வந்து மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்ட பின் அறிவதேயாகும்.

முந்தி வருவது வேறொரு குறி. நோயுற்றோரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களிடம் வெளிறிய புள்ளிகள் பிறப்பிலேயோ முதற் சில மாதங்களிலோ காணப்படுகின்றன. ஒருமுனை கூர்ந்து இலைபோன்ற வடிவில் சில அமையும். குறைந்தது 5 மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளிகள் மூன்றோ அதற்கு மேலோ இருப்பின் அது நோயின் முதன்மைக் குறிகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. வெண்படையில் நிறமி உயிரணுக்களே இல்லாமற் போகின்றன. இங்கோ அவை இருக்கின்றன, ஆனால் அவற்றுள் நிறமித் துகள்கள் சிறுத்தும் குறைந்தும் உள்ளன. அதனால் இப்புள்ளிகள் பால்வெண்மையாக இல்லாமல் மங்கலாகத் தோன்றும். வெளிர்நிறத் தோலில் இவற்றைக் காண இருட்டறையில் உட்ஸ் விளக்கின் புறஊதா ஒளி வேண்டியிருக்கிறது. மாநிறமும் கருமையுமான தோலில் பெரும்பாலும் பகலொளியே போதுமானது. இந்த வசதி இருந்தும், குழந்தையின் உடலில் வெளிறிய புள்ளி என்றால் தேமல் என்றோ, பூச்சித் தொல்லை என்றோ, சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்றோ சொல்லிக் கடந்துவிடும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக உண்டு. பெரும்பான்மையான குழந்தைகளிடத்தில் அப்புள்ளிகள் தீங்கற்றவையே என்பதும் உண்மை. ஒரேயொரு புள்ளி மட்டும் இருப்பின் அஞ்சுவதற்கு ஏதுமில்லை. எண்ணிக்கையே இங்குப் பொருட்டு.

இந்நோய் ஏறத்தாழ 6,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் நிகழ்கிறது. ஓங்கு மரபு வழியில் கடத்தப்படுவதெனினும், மூன்றில் இரு பங்கினரிடம் பெற்றோர் எவருக்கும் இல்லாத புதிய திடீர்மாற்றமே காரணம். குடும்பத்தில் எவருக்கும் இல்லை என்பதைக் கொண்டு நோயை விலக்கிவிட இயலாது. பொறுப்பான மரபணுக்கள் இரண்டு: 16ஆம் குரோமோசோமில் உள்ள டி.எஸ்.சி.2 என்பது 1993இலும், 9ஆம் குரோமோசோமில் உள்ள டி.எஸ்.சி.1 என்பது 1997இலும் கண்டறியப்பட்டன. இவை உருவாக்கும் டியூபெரின், ஹமார்ட்டின் என்னும் புரதங்கள் ஒன்றிணைந்து, உயிரணுவின் வளர்ச்சியைத் தூண்டும் எம்டார் என்னும் நொதிக்கு ஒரு தடையாக நிற்கின்றன. தடை நீங்கினால் உயிரணு அளவில் பருத்து, புரதங்களைத் தேவைக்கு மேல் உற்பத்தி செய்து, கட்டுப்பாடின்றி வளர்கிறது.

இங்குதான் ஒரே படை என்னும் விளக்கத்தின் போதாமை மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. பிறப்பில் பழுதாவது மரபணுவின் இரு படிகளுள் ஒன்று மட்டுமே. கட்டி உருவாவதற்குப் பெரும்பாலும் மற்றப் படியும் அந்த உயிரணுவில் பழுதாக வேண்டும். அந்த இரண்டாம் அடி எங்கிருந்து வருகிறது? முகத்தடிப்புகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் காணப்பட்ட இரண்டாம் பழுதுகள் பல புறஊதாக் கதிருக்கே உரிய தடயத்தைக் கொண்டிருந்ததைக் காட்டியது. அதாவது, முகத்தில் நோயை நிறைவேற்றுவது வெயில். மூளை முடிச்சுகளில் அவ்வாறன்று. வெயில் அங்கே எட்டுவதில்லை; முடிச்சுகள் கருவிலேயே உருவாகிவிடுகின்றன; அவற்றுள் பலவற்றில் இரண்டாம் பழுதே கண்டறியப்படவில்லை. ஒரே மரபணு, ஒரே குழந்தை, ஆனால் நோய் நிகழும் வழி இரு உறுப்புகளிலும் வேறு.

வழி வேறாயினும் எம்டார் என்னும் இலக்கு பொதுவாக இருந்தமை மருத்துவத்துக்கு வாய்ப்பாயிற்று. அந்நொதியின் பெயரிலேயே ஒரு மருந்தின் பெயர் அடங்கியிருக்கிறது. ராபா நுயி எனப்படும் ஈஸ்டர் தீவுக்கு 1964இல் சென்ற கனடியக் குழுவினர் திரட்டிய மண்ணில் வாழ்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் இன நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 1970களில் பிரித்தெடுக்கப்பட்டது ராபாமைசின். மான்ட்ரியல் ஆய்வகத்தில் அப்பணியை முன்னின்று நடத்தியவர் இந்தியாவில் பிறந்த சுரேன் செகல். பூஞ்சைக்கொல்லியாகத் தொடங்கி, உறுப்புமாற்று நோயாளிகளுக்கான மருந்தாக மாறிய அது, எம்டார் நொதியை அடக்குவது தெரிந்த பின் இந்நோய்க்கு வந்தது. அதன் வழிப்பொருளாகிய எவரோலிமஸ், மூளை அறைகளை அடைக்கக்கூடிய ஒருவகைக் கட்டியைச் சுருக்குவதற்காக 2010இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அடங்காத வலிப்புகளைக் குறைப்பதிலும் பின்னர் அது பயன்பட்டது. முகத்தடிப்புக்குப் பூசும் களிம்பாகவும் சிரோலிமஸ் என்ற பெயரில் அதே மருந்து வழங்கப்படுகிறது.

ஆயினும், வலிப்பு வந்த பின் அடக்குவதினும் வருமுன் தடுத்தல் இயலுமா என்பதே முதன்மையான வினா. இளங்குழந்தைகளுக்கு வரும் இசிவு வகை வலிப்பு பெரும்பாலும் 3 முதல் 8 மாதங்களுக்குள் தொடங்குகிறது. பிறந்த குழந்தையின் வெண்புள்ளிகளைக் கண்டோ, கருவிலேயே மீயொலிப் படத்தில் இதயத் தசைக்கட்டியைக் கண்டோ நோயை அறிந்துவிட்டால், வலிப்புக்கு முன் சில மாதங்கள் கையில் இருக்கின்றன. அக்காலத்தில் மூளை மின்னலைப் பதிவை மீண்டும் மீண்டும் எடுத்து, அதில் மாறுதல் தோன்றியவுடனேயே விகாபட்ரின் மருந்தைத் தொடங்கும் முறையை ஐரோப்பிய ஆய்வாளர்கள் சோதித்தனர். 2021இல் வெளியான அந்த எபிஸ்டாப் ஆய்வில் வலிப்பு தாமதமாகவும் குறைவாகவும் வந்தது நம்பிக்கை அளித்தது. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வோ அந்நம்பிக்கையைச் சற்றே அளவுபடுத்தியது: இசிவு வலிப்பு குறைந்ததாயினும், இரண்டு வயதில் குழந்தைகளின் அறிவுவளர்ச்சியில் வேறுபாடு காணப்படவில்லை. பார்வைப் பரப்பைச் சுருக்கும் பக்கவிளைவும் விகாபட்ரினுக்கு உண்டு. வலிப்பே அறிவுவளர்ச்சியைக் கெடுக்கிறதா, வலிப்பும் வளர்ச்சிக் குறைவும் ஒரே மூலத்தின் இரு விளைவுகளா என்ற பழைய வழக்கு இதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அவ்வழக்கை நடத்துவதற்கே தோற்குறியை முன்கூட்டி அறிதல் இன்றியமையாததாகிறது.

வெயிலும் வெயில் படாத மூளையும்

சீரோடெர்மா பிக்மென்டோசம் என்றால் நிறமி படர்ந்த வறண்ட தோல் என்று பொருள். வியன்னாவின் மோரிட்ஸ் கபோசி இதனை முதலில் 1870இல் விவரித்து, 1882இல் இப்பெயரை வழங்கினார். அடுத்த ஆண்டே, மேகவெட்டை நோயின் நுண்ணுயிரைக் கண்டறிந்தவராகிய ஆல்பர்ட் நைசர், இந்நோயுற்ற உடன்பிறந்தார் இருவரிடம் நரம்புச் சிதைவும் வளர்ந்துவருவதைப் பதிவு செய்தார். அறிவுவளர்ச்சிக் குறைவும் குள்ளத்தன்மையும் சேர்ந்த கடும் வடிவத்தை இத்தாலியின் தெ சாங்க்டிஸ், கக்கியோனே இருவரும் 1932இல் மூன்று சகோதரர்களிடம் கண்டனர்.

காரணம் 1968இல் தெரிந்தது. புறஊதாக் கதிர் டி.என்.ஏ.வில் உண்டாக்கும் பழுதுகளை வெட்டியெடுத்துச் சீராக்கும் திறன் இந்நோயாளிகளின் உயிரணுக்களில் இல்லை என்பதைச் சான்பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். அப்பழுதுநீக்க முறையின் இயக்கத்தைப் படிப்படியாக விளக்கிய அஜீஸ் சஞ்சார் 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்நோய் ஏ முதல் ஜி வரையிலான ஏழு பிரிவுகளாகவும், 'வி' என்னும் தனி வகையாகவும் பகுக்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு. ஒடுங்கு மரபு வழியில் வருவதால் பெற்றோர் இருவரும் நலமாக இருப்பர்.

தோலைப் பொறுத்தவரை கதை நேரானது. வெயில் படும் இடமெல்லாம் இளம்பருவத்திலேயே புள்ளிகள், வறட்சி, பின்னர் புற்று. இருபது வயதுக்குட்பட்ட நோயாளிகளுக்குத் தோற்புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு என மதிப்பிடப்பட்டுள்ளது. வெயிலை முற்றிலும் விலக்கினால் இதனைத் தடுக்க இயலும். சன்னல்களுக்குக் கதிர்த்தடுப்புப் படலம், முகக்கவசம், கையுறை, வெளியே செல்ல இரவு என்று வாழும் இக்குழந்தைகளை நிலாக் குழந்தைகள் என்று பிரெஞ்சு மொழியில் அழைப்பர். இத்தனை கட்டுப்பாட்டையும் பல்லாண்டுகள் தவறாது கடைப்பிடித்த பெற்றோர்களுள் சிலர், மாசற்ற தோலுடன் வளரும் தம் பிள்ளைக்குச் செவிப்புலன் குன்றுவதையும், நடை தடுமாறுவதையும், கற்றது மறப்பதையும் காண நேர்கிறது. நோயாளிகளில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினருக்கு நரம்புச் சிதைவு வருகிறது. வெயிலே படாத மூளை ஏன் சிதைய வேண்டும்?

விடையின் ஒரு பகுதி, பழுதுநீக்கம் இரு கிளைகளாக நடைபெறுகிறது என்பதில் உள்ளது. ஒரு கிளை டி.என்.ஏ. முழுவதையும் பொதுவாகத் துழாவிப் பழுதைத் தேடுகிறது. மற்றொன்று, செயல்படும் மரபணுவைப் படியெடுத்துச் செல்லும் நொதி பழுதொன்றில் முட்டி நின்றுவிடும்போது அங்கு விரைந்து சீராக்குகிறது. 1980களில் பிலிப் ஹனவால்ட் குழுவினர் இதனை வெளிப்படுத்தினர். பிரிவு சி நோயாளிகளிடம் முதற்கிளை மட்டும் இல்லை: அவர்களுக்குத் தோற்புற்று மிகுதி, நரம்புச் சிதைவு பொதுவாக இல்லை. பிரிவு ஏ நோயாளிகளிடம் இரு கிளைகளும் இல்லை: புற்றும் சிதைவும் சேர்ந்தே வருகின்றன. ஒப்பீட்டைக் காக்கெய்ன் நோய் நிறைவு செய்கிறது. அதில் இரண்டாம் கிளை மட்டும் பழுது: வெயிலைத் தாங்காத தோல், ஆனால் புற்று இல்லை, நரம்புகளின் மயலின் உறையோ கடுமையாகச் சிதைகிறது. பிரிந்து பெருகும் தோல் உயிரணுவில் விடுபட்ட பழுது திடீர்மாற்றமாகிப் புற்றாகிறது. பிரியாத நரம்பணுவில் முட்டி நின்ற படியெடுப்பு உயிரணுவையே அழிக்கிறது.

இதிலிருந்து நடைமுறைக்குரிய ஒரு குறிப்பும் கிடைக்கிறது. சிறிது நேர வெயிலிலேயே கொப்புளம் எழும் அளவுக்கு எரிந்துபோகும் தோல், இரண்டாம் கிளையின் பழுதைக் காட்டுவது. பிரிவு சி குழந்தைகள் பெரும்பாலும் அவ்வாறு எரிவதில்லை. அதனாலேயே அவர்களின் நோய் காலந்தாழ்த்து அறியப்பட்டு, புற்று மிகுகிறது. முதல் வெயிலிலேயே வெந்துபோன குழந்தைக்கு நோய் விரைவில் தெரியவருகிறது, தோலும் காக்கப்படுகிறது. ஆனால் நரம்புச் சிதைவுக்குரிய பிரிவில் இருக்கும் வாய்ப்பும் அதற்கே மிகுதி. இளமையில் தோல் எரிந்த விதம், பத்தாண்டுகளுக்குப் பின் மூளைக்கு நேரவிருப்பதைச் சுட்டுகிறது.

இவ்வழகிய கணக்கு முழுமையாக நேராகிவிடுவதில்லை. புறஊதா உணர்திறன் நோய்க்குறி என்னும் மிக அரிய நோயில் இரண்டாம் கிளை காக்கெய்ன் நோயில் போலவே பழுதாகியிருக்கிறது. ஆயினும் நரம்புகளுக்கு எதுவும் நேர்வதில்லை. பழுது நீக்கப்படாமல் இருப்பதைவிட, முட்டி நின்ற நொதி அங்கிருந்து அகற்றப்படாமல் இருப்பதே நரம்பணுவைக் கொல்கிறது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்று வருகிறது. வெயில் எட்டாத மூளையில் அந்நொதியை முட்டி நிற்கச் செய்யும் பழுது எது என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. உயிரணுவின் சொந்த ஆக்சிசனேற்ற வினைகளால் விளையும் பழுதுகள் மேல் ஐயம் மிகுதியாக உள்ளது. காரணி உறுதிப்படாத வரை வெயிலுக்குத் திரையிடுவதுபோல் மூளைக்குத் திரையிட வழியில்லை. அனிச்சைத் தசைநாண் எதிர்வினைகள் மறைவதையும், உயர் அதிர்வெண் ஒலிகள் கேளாமற் போவதையும் ஆண்டுதோறும் சோதித்து, செவிக்கருவியும் கல்விக்கு ஏற்பாடும் காலத்தே செய்வதே இன்று இயல்வது.

கொழுப்பின் வழி

மேற்தோலின் வெளியடுக்கு நீர் புகாமல் காப்பது அதிலுள்ள கொழுப்புப் பொருள்களால். நரம்பிழையைச் சுற்றிய மயலின் உறையும் பெரும்பகுதி கொழுப்பே. ஆதலின், கொழுப்பைக் கையாளும் நொதி ஒன்று பழுதாகும்போது தோல் செதிலாவதும் நரம்பு நலிவதும் ஒருங்கே நிகழ்வதில் வியப்பில்லை.

ஸ்வீடனின் தோர்ஸ்தென் ஷோகிரென், தாகே லார்சன் இருவரும் 1957இல் அந்நாட்டின் வடபகுதிக் குடும்பங்களை ஆராய்ந்து விவரித்த நோயில், குழந்தை மீன்செதில் போன்ற தடித்த தோலுடனேயே பிறக்கிறது. (வாயும் கண்ணும் வறளும் நோய்க்குப் பெயர் தந்தவர் ஹென்ரிக் ஷோகிரென், அவர் வேறொருவர்.) ஓரிரு வயதில் கால்கள் விறைக்கின்றன, அறிவுவளர்ச்சி பின்தங்குகிறது. கொழுப்பு ஆல்டிஹைடுகளைச் சிதைக்கும் நொதியின் குறையே காரணம் என 1988இல் வில்லியம் ரிசோ கண்டறிந்தார். பிற செதில் நோய்களிலிருந்து இதனைப் பிரித்துக்காட்டுவது கடும் அரிப்பு. தோல் இங்குப் பிறப்பிலேயே பேசிவிடுகிறது. ஆனால் கேட்டுச் செய்வதற்கு அரிப்பைத் தணித்தலும் இயன்முறை மருத்துவமும் தவிர அதிகம் இல்லை.

நார்வேயின் சிக்வால் ரெஃப்சம் 1946இல் விவரித்த நோய் இதற்கு நேர்மாறானது. மாலைக்கண்ணும் மோப்பக் குறைவும் முதலில் வருகின்றன. தோல் செதிலாதல் பிந்தியே, அதுவும் எல்லோரிடத்தும் இல்லை. தோல் இங்கே முன்னறிவிப்பதில்லை, உறுதிப்படுத்துகிறது. ஆயினும் மருத்துவம் உண்டு. ஃபைட்டானிக் அமிலம் என்னும் கிளைத்த கொழுப்பமிலம் சிதையாமல் உடலில் தேங்குவதே நோய் என்பதை ஜெர்மனியின் கிளெங்க், கால்கெ இருவரும் 1963இல் கண்டனர். மனித உடல் அதனை உருவாக்குவதில்லை. முழுவதும் உணவின் வழி வருவது. பசும்புல்லின் பச்சையத்திலிருந்து அசைபோடும் விலங்குகள் அதனை ஆக்கித் தம் கொழுப்பில் சேர்க்கின்றன. எனவே நெய், வெண்ணெய், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, கொழுப்பு மிக்க மீன் ஆகியன விலக்கப்பட வேண்டியவை. கீரைக்குத் தடையில்லை, பச்சையத்தில் பிணைந்துள்ள பகுதியை மனிதக் குடல் பிரித்தெடுப்பதில்லை. பட்டினி மட்டும் கூடாது: உடற்கொழுப்பு கரையும்போது தேங்கிய அமிலம் குருதியில் பெருகி நோய் திடீரெனக் கடுமையாகும். உணவுக் கட்டுப்பாட்டால் தோலும் கால் வலுவும் நடையும் தேறுகின்றன. இழந்த பார்வையும் செவியும் மீள்வதில்லை.

ஆட்டுக்கம்பளியிலிருந்து ஒரு தடயம்

ஜான் மென்கெஸ் 1962இல் விவரித்த நோயில் ஆண்குழந்தைகளின் தலைமுடி வெளிறி, முறுகி, எளிதில் ஒடிகிறது; வலிப்பும் மூளைச் சிதைவும் தொடர்கின்றன. காரணம் பத்தாண்டுகள் புலப்படவில்லை. மெல்போர்னின் டேவிட் டாங்க்ஸ், செப்புச்சத்துக் குறைந்த நிலத்தில் மேயும் ஆடுகளின் கம்பளி இதே தன்மையில் கெடுவதை ஆஸ்திரேலியர் என்ற முறையில் அறிந்திருந்தார். 1972இல் அவர் குழந்தைகளிடம் செப்புக் குறைவைக் காட்டினார். நிறமியை உண்டாக்கும் நொதி, தோலின் நார்களைப் பிணைக்கும் நொதி, நரம்புக் கடத்திகளை ஆக்கும் நொதி ஆகிய எல்லாவற்றுக்கும் செப்பு வேண்டும். குடலிலிருந்து செப்பைக் கடத்தும் புரதம் இல்லாதபோது முடியும் மூளையும் ஒருசேர வாடுகின்றன.

பிறந்த சில வாரங்களுக்குள் செப்பு–ஹிஸ்டிடின் ஊசியைத் தொடங்கினால் சில குழந்தைகளேனும் நன்கு தேறுகின்றன. ஆனால் முடியின் மாற்றம் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. சாட்சி வருகிறது, காலம் கடந்து வருகிறது. குடும்பத்தில் முன்னொரு குழந்தை இந்நோயால் இறந்திருந்தால் மட்டுமே அடுத்த குழந்தையைப் பிறந்தவுடன் சோதிக்கும் வாய்ப்பு நேர்கிறது.

களிம்பால் ஆறாத புண்

மேற்கண்ட நோய்களுள் பலவற்றுக்குச் செய்யக்கூடியது குறைவு என்பதால், செய்யக்கூடியது மிகுந்த ஒன்றைத் தனித்துக் கூற வேண்டியுள்ளது. பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தை உடல் மீண்டும் மீண்டும் பயன்படுத்திக்கொள்ள உதவுவது பயோட்டினிடேஸ் என்னும் நொதி. அது இல்லாத குழந்தைக்கு முதற் சில மாதங்களில் வாய், மூக்கு, கண், ஆசனவாய் ஆகியவற்றைச் சூழ்ந்து சிவந்த செதிற்புண் தோன்றுகிறது; முடி உதிர்கிறது; தசை தளர்கிறது; வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத வலிப்பு வருகிறது. பாரி வுல்ஃபும் உடனாய்வாளர்களும் இந்நொதிக் குறையை 1983இல் அடையாளங்கண்டனர்; அடுத்த ஆண்டே அமெரிக்காவின் வர்ஜினியா மாநிலத்தில் பிறந்த குழந்தைகளுக்கான சோதனையில் இது சேர்க்கப்பட்டது. மருத்துவம், நாளொன்றுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் பயோட்டின், வாழ்நாள் முழுவதும். அரிய நோய்களுக்கான மருந்துகள் ஆண்டுக்குப் பல இலட்சங்களைக் கோரும் நிலையில், இது மிக மலிவான மாத்திரை.

இந்நோய் ஒடுங்கு மரபு வழியில் வருவது. தாய்மாமன் மணமும் அத்தை, மாமன் மக்களிடையே மணமும் வழக்கிலுள்ள தென்னிந்தியாவில், ஒரே பழுதடைந்த மரபணு இரு பெற்றோரிடமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. மறுபுறம், பிறந்த எல்லாக் குழந்தைகளையும் இந்நோய்க்குச் சோதிக்கும் நாடு தழுவிய திட்டம் இந்தியாவில் இல்லை. ஆதலால் முதலில் சோதிப்பது மருத்துவரின் கண்ணாகவே இருக்கிறது. நடைமுறையிலோ வாயைச் சூழ்ந்த புண் தோல் மருத்துவரிடமும், வலிப்பு நரம்பியல் மருத்துவரிடமும் தனித்தனியே செல்லக்கூடும். புண்ணுக்குப் பூஞ்சைக்கொல்லிக் களிம்பும், வலிப்புக்கு இரண்டாம் மருந்தும் மூன்றாம் மருந்தும் எழுதப்படுகின்றன. இருவரும் ஒரே குழந்தையின் ஒரே சீட்டைப் பார்த்தால் ஐயம் எழும். ஒரு குருதித்துளியில் நொதியின் அளவைப் பார்த்துவிடலாம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே வலிப்பு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. புண் சில வாரங்களில் ஆறி, முடி முளைக்கிறது. அதற்கு முன்பே கெட்டுவிட்ட செவிநரம்பும் பார்வை நரம்பும் பெரும்பாலும் முந்தைய நிலைக்குத் திரும்புவதில்லை.